பெட்ரோல் வரல

போன மாதம் மாடம்பாக்கத்தில் அண்ணன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார். அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, பெரியப்பா மகன். நம் செட்டு முழுக்க அங்கே இருந்தது. முடிக்கு மை அடித்தவர்கள், அடிக்காமல் விட்டவர்கள், முட்டிவலிக்காரர்கள், பிள்ளைகளின் டியூஷனைத் தவிர வேறு பேச்சில்லாதவர்கள். நாற்பதைத் தொடப்போகிற வயதில் பழைய கதை பேசாமல் நமக்குச் சோறு இறங்குவதில்லை. பந்தியில் உட்கார்ந்ததுமே அண்ணன் ஆரம்பித்தார். நம்ம பிக்கப் வண்டி ஞாபகம் இருக்கா, சித்தப்பா ஓட்டின வரைக்கும் அதில் பெட்ரோல் தங்கவே தங்காது, ஆளை மாற்றினோம், அப்புறம் ஒரு நாள்கூட வண்டி வழியில் நின்றதில்லை என்றார். சொல்லிவிட்டுக் கண்ணடித்தார். எல்லோரும் சிரித்தீர்கள். அந்தச் சித்தப்பா என் அப்பா. அதே பந்தியில் நாலு இலை தள்ளி உட்கார்ந்து, அவரும் சிரித்தபடி பாயசத்தை வழித்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விசேஷ வீட்டில் வாயைத் திறக்காதே என்று அம்மா முழங்கையால் இடித்தாள். அதனால் அன்றைக்குச் சும்மா இருந்தேன். இப்போது எழுதுகிறேன், சிரித்த உங்களுக்காகவே எழுதுகிறேன். என் அப்பா அந்த வண்டியிலிருந்து ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட எடுத்து விற்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே, இன்னுமா என்பீர்கள். அந்தப் பேச்சு இன்னும் பந்தியில் பரிமாறப்படுகிறதே, என் கோபம் மட்டும் ஏன் ஆறிப்போக வேண்டும்?

சுனாமிக்கு ரெண்டு மூணு வருஷம் முந்தி நடந்தது. நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். கோவளத்துக்குப் பக்கத்தில் நம் குப்பம். காலையில் கரையேறும் மீனை ஏலத்தில் எடுத்துத் தாம்பரம் மார்க்கெட்டில் கொண்டுபோய் விற்பதுதான் நம் வீட்டுப் பெண்களின் பிழைப்பு. அதுவரை பஸ்ஸில்தான் போனார்கள். மீன் கூடையைப் பார்த்ததும் கண்டக்டர் விசில் அடித்துவிடுவார். ஏற்றினாலும், நாற்றம் தாங்கவில்லை என்று ஏதாவது ஒரு சார் மூக்கைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருவார். அதனால் பெரியப்பா வண்டி வாங்கப் போகிறார் என்றதும் குப்பத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். வண்டி அவருடையது, ஓட்டுவது அவருடைய தம்பி, அதாவது என் அப்பா. அம்மாவும் இன்னும் சில பெண்களும் கூடைகளோடு பின்னால் உட்காருவார்கள். பள்ளிக்கூடம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போவேன்.

திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் பட்டறைக்காரரிடமிருந்து வாங்கிய பெட்ரோல் பிக்கப் அது. வாங்கும்போதே பழசு. ஒரு காலத்தில் நீலமாக இருந்திருக்க வேண்டும். டிரைவர் பக்கத்துக் கதவு வெளியிலிருந்து மட்டும்தான் திறக்கும். அப்பா ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் திறந்துகொண்டு இறங்குவார். எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று காட்டும் முள் பாதியில் செத்துக் கிடந்தது. டேங்க் நிரம்பினாலும் பாதி, காய்ந்தாலும் பாதி. பெட்ரோல் ஊற்றும் குழாய் வளைந்து போவதால் குச்சி விட்டு அளக்கவும் முடியாது. பின்பக்கத் தகரத்தின் இடுக்குகளில் பட்டறைக் காலத்து இரும்புச் சீவல்கள் சுருள் சுருளாக ஒளிந்திருந்து, உட்காரும் பெண்களின் காலைக் குத்தும். அதில் நீல மினுமினுப்போடு இருந்த ஒரு சுருளை எடுத்து என் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருந்தேன். எங்கே போனதோ தெரியவில்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு வரும் வழியில் திருநீர்மலை அடிவாரத்தில் நிறுத்திப் பூஜை போட்டார்கள். பட்டர் பானெட்டில் பொட்டு வைத்ததோடு நிறுத்திக்கொண்டார். பெட்ரோல் மூடிப் பக்கம் அவர் போகவில்லை. அதை இன்றைக்கும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

அந்த மூடி வண்டியின் இடது பக்கம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். உள்ளங்கை அகலத்தில் வட்டமான தகர மூடி. நட்டநடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. அந்த ஓட்டை எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. பழைய வண்டி, எங்கேயாவது ஓட்டை இருக்கத்தானே செய்யும்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினோம். பெரியப்பா குளித்து, புது வேட்டி கட்டி, பித்தளைக் கிண்ணத்தில் சந்தனத்தை வெண்ணெய் மாதிரிக் குழைத்து எடுத்து வந்தார். பக்தி விஷயத்தில் அவர் கஞ்சத்தனம் பார்க்க மாட்டார். ஹெட்லைட்டுக்கு இரண்டு, ஸ்டியரிங்குக்கு ஒன்று, நம்பர் பிளேட்டுக்கு ஒன்று. கடைசியாகப் பெட்ரோல் மூடிக்கு வந்தார். வண்டிக்கு வயிறு டேங்க்தான், வயிற்றில் குறை இல்லாவிட்டால் மற்றதெல்லாம் தானாக ஓடும் என்று எங்களுக்கு விளக்கம் வேறு சொன்னார். சொல்லிவிட்டு, மூடியின் நட்டநடுவில் கட்டைவிரலால் அழுத்தி ஒரு பெரிய சந்தனப் பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார். பொட்டு என்றால் நடுவில்தானே வைப்பார்கள். அன்றோடு விடவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காய்ந்த பொட்டின் மேலேயே புதுப் பொட்டு வைத்தார்.

வைகாசியிலிருந்து ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த வண்டி, பூஜை முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாம்பாக்கம் தாண்டியதும் இருமியது. ஒரு குலுக்கல், அப்புறம் இன்னொன்று. அப்பா சோக்கை இழுத்துப் பார்த்தார், ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்துப் பார்த்தார். வண்டி இழுக்கவே இல்லை. ரோட்டோரமாக உருண்டுபோய் நின்றுவிட்டது. அப்போது அந்த ரோட்டில் இப்போது மாதிரி கல்லூரியும் ஃபிளாட்டும் கிடையாது. ஏரி, சவுக்கு, நடுவில் ஒரு டீக்கடை, அவ்வளவுதான். பின்னாலிருந்து பெண்கள் இன்னா ஆச்சு என்று கத்தினார்கள். சீட்டுக்கு அடியில் அவசரத்துக்காக ஒரு பாட்டிலில் பெட்ரோல் இருக்கும். அப்பா மூடியைத் திறந்து, பேப்பரைக் கூம்பாகச் சுருட்டிப் பிடித்து, அதை ஊற்றினார். ஸ்டார்ட்டரைக் கொஞ்ச நேரம் போட்டதும் வண்டி கிளம்பிவிட்டது.

ஊற்றினால் கிளம்புகிறது என்றால் தீர்ந்துபோயிருந்தது என்று அர்த்தம். தீர்ந்துபோயிருந்தது என்றால் எங்கே போனது? பெரியப்பா இப்படித்தான் கணக்குப் போட்டார். பெரியம்மா போட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களும் கொஞ்சம் கொஞ்சமாக அப்படித்தான் போட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு தடவை வண்டி நின்றபோதும் பாட்டில் பெட்ரோல் உள்ளே போனது, வண்டி கிளம்பியது. இதைவிடத் தெளிவான சாட்சி யாருக்கு வேண்டும்? அப்பா வண்டியைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். உள்ளே பெட்ரோல் இருக்கிறது, சலசலவென்று சத்தம் வருகிறது கேளுங்கள் என்றார். அது மீன் பெட்டியில் உருகின ஐஸ் தண்ணீர் சத்தம் என்று ஒரு அக்கா சொல்லிவிட்டாள். அதுவும் ஆடிக்கொண்டுதான் இருந்தது, என்ன செய்ய?

இதில் இன்னொரு கொடுமை. டேங்க் நிறையப் போட்ட நாள்களில்தான் வண்டி சீக்கிரம் நின்றது. கொஞ்சமாகப் போட்ட நாள்களில் தாம்பரம் வரைக்கும்கூடப் போய்விடும். பெரியப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. நிறைய இருந்தால் நிறைய எடுக்கிறான் என்று அர்த்தம் சொன்னார்.

முதலில் எல்லாரும் கார்ப்பரேட்டரைத்தான் குறை சொன்னார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு ஷெட்டில் மேஸ்திரி ஒருவர் இருந்தார். பழைய பெட்ரோல் வண்டி என்றால் அவரிடம்தான் போவார்கள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை, வாயில் எப்போதும் பாக்கு. வண்டி ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது, கிளப்பினாலும் கொஞ்ச தூரம் போய் மறுபடி நிற்கிறது என்று அப்பா சொன்னதும், ஜெட்டில் அழுக்கு என்றார். கார்ப்பரேட்டரைக் கழற்றி, பாதியாக வெட்டிய டின்னில் பெட்ரோல் ஊற்றிக் கழுவினார். அந்தப் பித்தளை ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வாயால் ஊதி மாட்டினார். அடுத்த ஞாயிறு வண்டி நின்றது. பெட்ரோல் பம்ப் சூடாகி உள்ளேயே ஆவியாகிறது, ஈரத்துணி போடுங்கள் என்றார். அம்மா மீன் ஐஸை ஒரு பழைய துணியில் கட்டி பம்ப் மேல் வைத்தாள். பானெட்டைத் திறந்தாலே பெட்ரோலும் கவுச்சியும் கலந்த ஒரு வாசனை வரும். ஐப்பசி மழையில், ஐஸ் கட்டின பம்போடு, வண்டி கண்டிகை பக்கம் நின்றது. மழையில் நனைந்துகொண்டு நிற்கிற வண்டிக்குச் சூடு எங்கிருந்து வரும்? பம்புக்குள் இருந்த ரப்பரை மாற்றினார். ஃபில்டரை மாற்றினார். கார்ப்பரேட்டரை மறுபடி கழற்றினார், மறுபடி கழுவினார்.

கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு பெரியப்பாவிடம் சொன்னார்.

"கார்ப்பரேட்டர் கண்ணாடி மாதிரி கீதுங்க. பெட்ரோல் வரல, அதான்."

இந்த ஒரு வார்த்தைதான் எங்கள் குடியைக் கெடுத்தது. பெட்ரோல் டேங்கிலிருந்து முன்னால் வந்து சேரவில்லை என்று மேஸ்திரி சொன்னார். டேங்கில் பெட்ரோல் இல்லை என்று பெரியப்பா கேட்டுக்கொண்டார். அவர் காதுக்கு ஏற்கெனவே வேண்டியிருந்தது அதுதான். ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தால், மேஸ்திரி டேங்க் பக்கம் போயிருப்பார். கேட்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு என் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு வஞ்சிரம் நல்ல பாடு, வலை நிறைய ஏறியிருந்தது. எல்லாப் பெண்களும் கையில் இருந்ததை எல்லாம் போட்டு எடுத்திருந்தார்கள். வண்டி வண்டலூர் மிருகக்காட்சிசாலைக்குப் பின்பக்கத்தில் நின்றது. பாட்டில் அதற்கு முன்னாலேயே கொளப்பாக்கத்தில் காலியாகிவிட்டது. மழை. சுவருக்கு அந்தப் பக்கம் சிங்கம் உறுமுவது கேட்டது. மற்ற நாளாக இருந்தால் எனக்குக் கொண்டாட்டமாக இருந்திருக்கும். அப்பா பாட்டிலை எடுத்துக்கொண்டு ஒரு சைக்கிள்காரர் பின்னால் உட்கார்ந்து பெட்ரோல் வாங்கப் போனார். அவர் வந்து ஊற்றி, நாங்கள் தாம்பரம் போய்ச் சேர்ந்தபோது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டது. மீன் கண் உள்ளே போய், தொட்டால் விரல் பதிந்தது. 

திரும்பி வந்ததும் பெரியப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். பெண்கள் காலிக் கூடையோடு இறங்கிக்கொண்டிருக்கும்போதே, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"டேய், பெட்ரோல எங்கடா விக்கிற?"

அப்பா "இல்லண்ணா" என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த வசனம். எத்தனை விதமாகக் கேட்டாலும் இல்லண்ணா, இல்லண்ணா. பெரியம்மா உள்ளேயிருந்தே, பெட்ரோலை வித்துட்டு ரேஷன் கிருஷ்ணாயில் ஊத்துறானோ என்னவோ, அதான் வண்டி இருமுது என்று எடுத்துக் கொடுத்தார். அந்தக் கூட்டத்தில் ஒருவராவது, இவன் அப்படிச் செய்கிறவன் இல்லை என்று சொல்லவில்லை. என் அப்பா மார்க்கெட்டில் அவர்களுக்குக் கூடை இறக்கிக் கொடுத்தவர், மழையில் தன் சட்டையைக் கழற்றிக் கூடைமேல் போட்டவர்.  இன்னும் ஒரு தடவை வண்டி வழியில் நின்றால் சாவியை வாங்கிவிடுவேன் என்று பெரியப்பா சொல்லிவிட்டு உள்ளே போனார். சீட்டுக்கு அடியில் இருந்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போனார், திருட்டுக்கு அது தோதாக இருக்கிறதாம்.

அம்மாவுக்கு எல்லாவற்றையும்விட அந்தக் கிருஷ்ணாயில் பேச்சுதான் உறுத்தியது. மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்ட வாரம் அது, நானும் தினமும் கூடப் போனேன். அடுத்த பயணத்தில் வண்டி மாம்பாக்கம் தாண்டி நின்றதும், ஊற்றுவதற்குப் பாட்டிலும் இல்லாமல் அப்பா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அம்மா பின்னாலிருந்து குதித்து இறங்கி நேராகப் பெட்ரோல் மூடிக்குப் போனாள். முகர்ந்து பார்க்கப் போனாள், வேறு எதற்கும் இல்லை. புருஷன் கிருஷ்ணாயில் கலக்கிறானா என்று அவளுக்கே தெரிந்தாக வேண்டியிருந்தது. மூடியைத் திருகினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். உஸ் என்று ஒரு சத்தம். டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. அம்மா ஒரு நொடி பயந்து கையை எடுத்துவிட்டாள். அப்புறம் குனிந்து முகர்ந்தாள். சுத்தமான பெட்ரோல் வாசனை. அவள் முகம் அப்போதுதான் தெளிந்தது.

"ஸ்டார்ட் பண்ணிப் பாருய்யா" என்றாள்.

ஊற்றாமல் எப்படிக் கிளம்பும் என்று அப்பா முனகிக்கொண்டே சாவியைத் திருப்பினார். கொஞ்சம் இழுத்துவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"நான் ஒண்ணும் ஊத்தல" என்றாள் அம்மா. "மூடியத்தான் தொறந்தேன்."

அப்பா இறங்கி வந்து மூடியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. அம்மா அதோடு விடுகிறவள் இல்லை. அடுத்த முறை நின்றபோதும் வேறு எதையும் தொடாமல் மூடியை மட்டும் திறந்து மூடினாள். கிளம்பியது. அதற்கடுத்த நாள் புறப்படும்போதே மூடியைப் பாதி திருகி, லூசாகவே விட்டாள். தாம்பரம் வரை வண்டி ஒரு இருமல்கூட இருமவில்லை. மார்க்கெட் முடிந்ததும் அப்பாவை இழுத்துக்கொண்டு மேஸ்திரியிடம் போனாள்.

மேஸ்திரி மூடியைக் கழற்றி உள்பக்கத்திலிருந்து வாயை வைத்து ஊதினார். காற்று போகவில்லை. நகத்தால் சுரண்டினார். சந்தனம், குங்குமம், சந்தனம், குங்குமம் என்று அடுக்கடுக்காகச் சுண்ணாம்பு மாதிரி காய்ந்து வந்தது. அடியில் அந்தச் சின்ன ஓட்டை அடைபட்டுக் கிடந்தது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்கு வெளிக்காற்று வர வேண்டும், வராவிட்டால் டேங்க் பெட்ரோலை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்றார். டேங்க் நிறைய இருந்தால் உள்ளே காற்றுக்கு இடம் குறைவு, அதனால்தான் இன்னும் சீக்கிரம் நின்றிருக்கிறது என்றும் சொன்னார். பாட்டில் ஊற்ற மூடியைத் திறந்தோமே, அதில்தான் ஒவ்வொரு தடவையும் வண்டி கிளம்பியிருக்கிறது. ஊற்றின பெட்ரோலால் இல்லை. பாவம் அந்தக் கார்ப்பரேட்டர். ஒரு தப்பும் செய்யாமல் திரும்பத் திரும்பக் கழுவப்பட்டது. என் அப்பாவும்தான்.

பிரச்சினை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். அம்மா மேஸ்திரியிடம், மூடியைத் தொடாதே, அப்படியே வைத்திரு என்று சொல்லிவிட்டு, போன் பூத்திலிருந்து பெரியப்பாவை வரச் சொன்னாள். அவர் மதியத்துக்கு மேல் வந்தார். அம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, மூத்தாருக்கு முன்னால் குரல் உயர்த்தாத என் அம்மா, நேராக நின்று பேசினாள்.

"மாமா, எண்ணெ டின்னுல ஒரே ஓட்ட போட்டா எண்ணெ வருமா? எதிர்ல இன்னொண்ணு போட்டாத்தானே வருது. அந்த ஓட்டதான் இது. நீங்க வெச்ச சந்தனம் அடச்சிகினு கீது."

பெரியப்பாவுக்குப் புரியவில்லை என்று நான் ஒருநாளும் நம்ப மாட்டேன். அவர் முகம் ஒரு நிமிஷம் மாறியதைப் பார்த்தேன். மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த நிமிஷத்தில் தம்பியின் தோளில் கையைப் போட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. ஆனால் சுற்றிலும் ஷெட்டு ஆட்கள் நின்றார்கள், பின்னால் குப்பத்துப் பெண்கள் நின்றார்கள்.

"சாமிக்கு வெச்ச சந்தனத்தால வண்டி நின்னுச்சா?" என்றார். "ஊர்ல கீற வண்டிக்கெல்லாம்தான் சந்தனம் வெக்கிறான். அதெல்லாம் நடுரோட்டுல நின்னுகினா கீது?"

 அவர் மேஸ்திரி பக்கம் திரும்பி, நீ சொல்லு, சந்தனம்தான் காரணமா என்று கேட்டார். மேஸ்திரி கழுத்துக் கயிற்றைத் தடவிக்கொண்டு, தரையைப் பார்த்தார்.

"அதெல்லாம் எனுக்குத் தெரியாதுங்க. கார்ப்பரேட்டர் நல்லா கீது. பெட்ரோல் வரல, அவ்ளோதான்."

சற்று முன்னால் எங்களிடம் அத்தனையும் சொன்ன மனிதர். பல வருஷம் அவர்மேல் எனக்கு இருந்த கோபத்துக்கு அளவில்லை. இப்போது கொஞ்சம் புரிகிறது. சிலுவை போட்ட மனிதர், பூஜைச் சந்தனத்தைக் குறை சொன்னார் என்று வெளியே பேச்சு வந்தால் என்ன ஆகும் என்று பயந்திருப்பார். புரிகிறது, ஆனாலும் மன்னிக்க முடியவில்லை. சொல்லியிருக்கலாம். கேட்டது சாமியைப் பற்றி இல்லையே, ஒரு ஓட்டையைப் பற்றித்தானே.

பெரியப்பா அங்கேயே கையை நீட்டிச் சாவியைக் கேட்டார். சாமி மேல பழி போடுறவன் கையில் வண்டி இருக்கக் கூடாது என்றார். திருடன் என்ற பேரோடு இதுவும் சேர்ந்துகொண்டது. அப்பா ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு, அம்மாவின் வளையலில் மாட்டியிருந்த ஊக்கை வாங்கி, மூடியின் ஓட்டையைச் சுத்தமாகக் குத்திச் சுரண்டி, ஊதிப் பார்த்து, வண்டியில் மாட்டி, அதற்குப் பிறகுதான் சாவியைக் கொடுத்தார். இரவல் பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கிற மாதிரி. வண்டியை நல்லபடியாக வைத்துக் கொடுக்க வேண்டுமாம். எனக்கு அன்றைக்கே அழுகை வந்தது.

பிறகு நடந்ததைத்தான் நீங்கள் எல்லாம் கதையாகச் சொல்கிறீர்கள். பெரியம்மாவின் தம்பி வண்டி ஓட்ட வந்தார். வண்டி நிற்கவில்லை. எப்படி நிற்கும்? ஓட்டை திறந்திருக்கிறதே. பெரியப்பா வெள்ளிக்கிழமைப் பொட்டை பானெட்டோடு நிறுத்திக்கொண்டார். ஏன் நிறுத்தினார் என்று அவரை யாராவது கேட்டீர்களா? வாயால் ஒப்புக்கொள்ளாததைக் கட்டைவிரலால் ஒப்புக்கொண்டார். ஆனால் ஊருக்குள் பேச்சு ஒன்றே ஒன்றுதான். ஆளை மாற்றினதும் வண்டி ஓடுது பார், அப்ப யாரு திருடன்? என் அப்பா சரி செய்து கொடுத்ததே அவருக்கு எதிரான சாட்சியாகப் போய்விட்டது. அந்த ஓட்டையை அப்படியே அடைத்து விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும் என்று அம்மா பல நாள் பொருமினாள்.

அப்பா தாம்பரத்தில் வாடகைக்கு ஷேர் ஆட்டோ எடுத்து ஓட்டினார். அம்மா மட்டும் பழையபடி பஸ்ஸில் கூடையோடு போனாள், கண்டக்டரிடம் கெஞ்சிக்கொண்டு. அந்த நீல வண்டி அவளைத் தாண்டிப் போகும். உள்ளே இருந்த பெண்கள் சிலர் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

அடுத்த ஆயுத பூஜைக்காக நான் ஒரு வருஷம் முழுக்கக் காத்திருந்தேன். பூஜை நாளில் பெரியப்பா வெறும் பானெட்டோடு விட மாட்டார் என்று எனக்குத் தெரியும், ஊரே பார்க்குமே. நினைத்தது நடந்தது. பித்தளைக் கிண்ணத்தோடு வந்தார், எல்லாவற்றுக்கும் வைத்தார், மூடிக்கு முன்னால் கொஞ்சம் தயங்கினார். பக்கத்தில் நின்ற பெரியம்மா, வயித்துக்கு வெக்கலியா என்றார். வைத்துவிட்டார், முந்தின வருஷத்தைவிடப் பெரிய பொட்டு. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. இந்த ஞாயிறு வண்டி நிற்கும். வேறு டிரைவர் கையில், எல்லாப் பெண்களும் பார்க்க, மாம்பாக்கம் தாண்டி இருமிக்கொண்டு நிற்கும். அன்றைக்கு என் அப்பாவின் பெயர் கழுவப்படும். ராத்திரி தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

விடிந்ததும் வண்டியைப் பார்க்க ஓடினேன். வாழைக்கன்று வாடித் தொங்கியது, பூசணிக்காய்ச் சிதறல் மேல் ஈ மொய்த்தது. வண்டியின் இடது பக்கம் யாரோ குந்தியிருந்தார்கள். அப்பா. கையில் அம்மாவின் ஊக்கு. மூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பொட்டு கலையாமல், நடுவில் மட்டும் மெதுவாகக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தார். பெரியப்பா பார்த்தால்கூடத் தெரியாது. பொட்டு முழுசாக இருந்தது, அதன் நடுவில் ஊசித் துளை இருந்தது.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "வுடுப்பா. நிக்கட்டும்ப்பா. ஒரே ஒரு தபா நிக்கட்டும்."

அவர் என் கையை எடுத்துவிட்டு, மூடியை வாயில் வைத்து ஊதிப் பார்த்தார்.

"நின்னா உள்ள யாரு குந்தினு இருப்பா?" என்றார். "பொம்பளைங்கதானே. மீனு கெட்டா அவுங்க இன்னா பண்ணுவாங்க?"

மூடியை மாட்டிவிட்டு எழுந்து போனார். அந்த வருஷம் மட்டும் இல்லை. அந்த வண்டியை எடைக்குப் போடும் வரைக்கும் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மறுநாள் விடிகாலையில் அம்மாவின் வளையலில் ஒரு ஊக்கு குறையும்.

அதனால் அண்ணா, நீங்கள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. ஆளை மாற்றின பிறகு அந்த வண்டி ஒரு நாள்கூட வழியில் நிற்கவில்லை. அது நிற்காமல் பார்த்துக்கொண்டது நீங்கள் கண்ணடித்துக் காட்டிய அந்தச் சித்தப்பாதான். அடுத்த விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்து இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் நாலு இலை தள்ளித்தான் இருப்பார், வழக்கம்போலச் சிரிப்பார். நீங்கள் சிரிக்கிறீர்களா என்று நான் பார்க்கிறேன்.